சொல்லிக்கொள்ளாமல் போனவன்

திண்டிவனத்தில் என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் சென்ற வாரம் ஒரு மாவு மில் திறந்திருக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் குரூடாயில் புகை வருகிறது. சற்றுப் பொறுத்து, அரைபடும் கேப்பையின் சூடான வாசனை வருகிறது. தனித்தனியே இவை எனக்குப் பழகிய வாசனைகள்தாம். இரண்டும் சேர்ந்து வரும்போது மட்டும் உன் நினைவைத் தவிர வேறொன்றுக்கும் இடம் இருப்பதில்லை. வீட்டில் எல்லோரும் தும்முகிறார்கள். வக்கீல் வீட்டுக்கு எதிரே மில் வைத்தவனுக்கு ஒரு நோட்டீசாவது அனுப்பக்கூடாதா என்கிறார்கள். நான் இன்னும் அனுப்பவில்லை. அனுப்பாததற்குச் சட்டப்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நீ போன பிறகு உனக்கு எழுதுவது முறைதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுதுவதெல்லாம் யாராவது ஒருவரிடம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது என் தொழிலின் பழக்கம்; இதற்கு விலாசம் கிடையாது. ஆயினும் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதும் ஒழுங்கை இங்கேயும் விடுவதாக இல்லை. நீ சிரிப்பாய். என் தங்கையின் கல்யாணத்தில், அவள் வண்டியேறும்போது நான் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, "வக்கீலு கண்ணீர் வுட்டாலும் ரெண்டு சாட்சி வெச்சிக்கினுதான் வுடுவான்" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னவன் அல்லவா நீ.

இந்த ஊரில் ஒரே பெஞ்சில் படித்தோம். படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு நீ விழுப்புரம் போய் உன் தகப்பனாரின் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்தாய். நான் சட்டம் படித்து, இங்குள்ள கோர்ட்டிலேயே தொழிலை அமைத்துக்கொண்டேன். சில வருஷங்களில் நீ மண்டியோடு, மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுக்கும் மில் ஒன்றும் வைத்தாய். ரோடு, கிணறு முதலிய ஊர்க் காரியங்களைப் பார்க்கும் போர்டுக்குத் தேர்தலில் நின்று அங்கத்தினனும் ஆனாய். கோலியனூர்ப் பக்கத்துக் குடும்ப நிலத்தை உன் அண்ணன் பார்த்துக்கொண்டார். சவரிமுத்து அந்த நிலத்து ஆள். அவன் தகப்பனும் அதே நிலத்தில் ஏர் பிடித்தவன்.

மல்லாட்டை விலை விழுந்து கிடந்த காலம் அது. வயலில் வேலை இல்லாதவர்கள் விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில், மூட்டை தூக்கவாவது கூப்பிட மாட்டார்களா என்று குந்தியிருப்பார்கள். அதே காலத்தில்தான் கிணற்றடிகளிலும் மில்களிலும் எண்ணெய் எஞ்சின்கள் வரத் தொடங்கின. உன் மில் எஞ்சின் நின்றால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் பட்டணத்திலிருந்து ரெயிலேறி வர வேண்டும். வரும்வரை மூட்டைகள் மழையில் நனையும். சவரி வேலை ஒழிந்த நாள்களில் உன் மில்லுக்கு மூட்டை சுமக்க வருவான். சுமந்து முடித்த பிறகும் போக மாட்டான். நான் அங்கே வந்திருந்த ஒரு நாள் நீ அவனைக் கேட்டாய்:

"இன்னாடா சவரி, அதுங்கிட்டயே குந்திக்கினு கீற? சூடா இல்ல?"

"இது பக்கத்துல குந்தினா எங்கியோ போய்க்கினு இருக்கற மாதிரி கீது, ஆண்டே."

நிலக்காரர்களை அவன் வகையினர் அழைக்கும் 'ஆண்டே' என்ற அந்தச் சொல்லை நானும் நீயும் பிறந்தது முதல் கேட்டு வந்தவர்கள். அன்று உனக்கு அது காதில் உறுத்தியது என்பது என் ஊகம். ஏனெனில் அடுத்த வாரமே காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, என் கட்சிக்காரர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாய்.

"யோவ் வக்கீலு, ஒரு தீர்மானம் எழுதிக் குடு. போர்டுல வெக்கணும். ஒரு பக்கம் எஞ்சினு ஆளில்லாம நிக்குது. இன்னொரு பக்கம் ஆளு வேல இல்லாம நிக்கிறான். நடுவுல இன்னாய்யா கொறையுது? கத்துக்குடுக்க ஒரு கொட்டாயி. அவ்ளோதான?"

நான் என் வழக்கப்படி மறு பக்கத்தை எடுத்துச் சொன்னேன். உனக்கு ஆள் வேண்டும். சவரிக்குத் தொழில் வேண்டும். உன் செலவிலேயே ஒரு மேஸ்திரியை வைத்துக் கற்பித்துவிட்டால் காரியம் முடிந்தது. பொதுப் பணத்தைத் தொட்டால், போர்டு அங்கத்தினர் தன் மில்லுக்கு ஆள் தயாரித்துக்கொள்கிறார் என்று எவரும் கேட்கலாம். கேட்டால் பதில் இல்லை. இதை நான் சொல்லி முடிக்கும்வரை நீ பொறுத்திருந்ததே அதிசயம்.

"எங்காசுல கத்துக்கினா அவன் எனக்கு ஆளுய்யா. இப்ப எங்கண்ணனுக்கு ஆளு, அப்பறம் எனக்கு ஆளு. கட்டுத்தறி மாத்திக் கட்டறதுக்கு நான் எதுக்கு இவ்ளோ பேஜாரு படணும்? போர்டு ரோட்டு மேல நடந்து போறான் பாரு, அதுக்கு எவனுக்காவது கும்புடு போடறானா? அந்த மாதிரி கத்துக்கணும் அவன்."

எழுதினேன். ஆனால் உன்மேல் பழி வரக்கூடாது என்பதற்காக ஒரு நிபந்தனையையும் சேர்த்தேன்: இவ்வகுப்பில் பயின்ற எவரையும், தீர்மானத்தைக் கொண்டுவரும் அங்கத்தினரோ அவருடைய உறவினரோ இரண்டு வருஷம்வரை வேலைக்கு அமர்த்தலாகாது. நீ அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினாய்.

"அப்ப சவரியே எனக்குக் கெடைக்க மாட்டானா?"

கிடைக்க மாட்டான் என்றேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைச் சுரண்டி எறிந்தாய். பிறகு, "சரி, எழுதினது எழுதினதாவே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரெயிலுக்கு ஓடினாய்.

போர்டுக் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். நாம் எதிர்பார்த்த ஆட்சேபம் வரவில்லை. நிபந்தனை அதை அடைத்துவிட்டது. வேறொன்று வந்தது. "ரோடு போட்டா ஊர்ல நிக்கும். கெணறு வெட்டினா ஊர்ல நிக்கும். ஆளுக்குக் கத்துக்குடுத்தா, அவன் பாட்டுக்குப் பொறப்பட்டுப் போயிட்டா நம்ம காசும் அவனோட போச்சுங்களே?" என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. நீ எழுந்தாய்: "ரோடு மட்டும் இன்னாங்க, நம்மூர்லியேவா நின்னுக்கினு கீது? அதுவுந்தான் விக்கிரவாண்டி தாண்டிப் போய்க்கினே கீது." சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் வோட்டுக்கு விட்டார். சோதனையாக நடத்திப் பார்ப்பது என்று நிறைவேறியது. கற்பவர்களுக்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளம் என்பதும் அதில் அடக்கம்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரோட்டு உருளை நிறுத்தும் கொட்டகையைக் காலி செய்து வகுப்பு தொடங்கியது. ரெயில்வேயில் இருந்து விலகிய மேஸ்திரி ஒருவர் கற்பிக்க வந்தார். சவரி புறப்பட்ட அன்று உன் அண்ணன் களத்தில் நின்று சொன்னதாக நீ சொன்னாய்: "ஏரு புடிக்கிறவனெல்லாம் எஞ்சினு புடிச்சா, ஏர எவன்டா புடிப்பான்? உங்கப்பனா வருவான்?" சவரி வரப்பைத் தாண்டிப் போய்விட்டானாம்.

ஒரு வாரத்துக்குள் கொட்டகையில் இரண்டு பேர்தாம் மிஞ்சினார்கள். இருவரும் டவுனிலேயே பெற்றோர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். சவரியும் திரும்பிப் போய் ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். உன் அண்ணன் அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆனால், "இதான் கடசி வாட்டி. இன்னொரு தபா போனியானா இந்த வரப்பு மேல கால வெக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். போர்டில், கற்றுக்கொள்ள இவர்களுக்கு இஷ்டமில்லை, அடுத்த கூட்டத்தில் வகுப்பை மூடிவிடலாம் என்று பேச்சு நடந்தது. நீ எனக்குத் தந்தி கொடுத்து வரவழைத்தாய். இருவரும் ஒற்றை மாட்டு வண்டியில் கோலியனூருக்குப் போனோம்.

சவரி வயலில் இருந்தான். அவன் மனைவி மரியாள்தான் குடிசை வாசலில் இருந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே பேசினாள்.

"வகுப்பு நல்லாத்தாங் கீதாம். அந்தப் பேச்சேதான் பேசிக்கினு இருந்தாரு."

"அப்பறம் ஏம்மா நின்னுட்டான்?" என்றாய்.

"சம்பளம் எப்பங்க குடுப்பாங்க?"

"மாசக் கடைசில."

"அதாங்க நின்னுட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான் நான் யார் என்று அறிந்திருக்க வேண்டும். "வக்கீலய்யா வூட்ல மாசத்துக்கு ஒருவாட்டிதான் ஒல வெப்பாங்களா?"

அந்தியில் களத்தில் கேப்பையாகக் கூலி அளப்பார்கள். அதை அப்போதே கல்லில் அரைத்துக் களி கிண்டுவார்கள். மறுநாள் சாப்பாட்டுக்கு மறுநாள் அந்திக் கூலி. இது நமக்குத் தெரியாததா? உன் வீட்டுக் களத்திலேயே தினமும் நடப்பது. ஆனால் சம்பளம் என்ற சொல்லை எழுதியவுடன் மாதம் என்ற சொல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வாத்தியாருக்கும் குமாஸ்தாவுக்கும் மாதச் சம்பளம். ஆகவே சவரிக்கும் மாதச் சம்பளம். எழுதியவன், கொண்டுவந்தவன், வோட்டுப் போட்டவர்கள் ஆகிய ஒருவருக்கும் நடுவில் இருக்கும் முப்பது அந்திகள் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் நான் சொன்னேன்: உன் மண்டியிலிருந்து கேப்பையை இன்றைக்கே அனுப்பிவிடு, அடுத்த கூட்டம்வரை அந்தக் குடும்பங்கள் தாங்கும். நீ வண்டியை நிறுத்தச் சொன்னாய். மாடு சாலையோரத்துப் புல்லைக் கடிக்கத் தொடங்கியது.

"அனுப்பலாம்யா. இப்பவே அனுப்பலாம். அந்தப் புள்ள மொகத்தப் பாத்தல்ல நீ?" என்றாய். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "எங்கண்ணன் களத்துல அளக்கறாரு. நான் மண்டியில அளப்பேன். அவன் எஞ்சினு கத்துக்கினு எங்க போவணும்னாலும் என் மூஞ்சியப் பாத்துக்கினு நிப்பான். வேணாம். உங்க சட்டத்துல எதுனா இருக்கும், பாரு. ஜல்தியாப் பாரு" என்றாய். அன்று நீ சாப்பிடவில்லை என்று உன் மனைவி பின்னொரு நாள் சொன்னார்கள். அது எனக்குச் செவிவழிச் சாட்சியம்தான். உன் கை வண்டியின் கம்பை இறுகப் பிடித்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

போர்டு ஆபீசில் பழைய உத்தரவுகளைப் புரட்ட அனுமதி வாங்கிப் புரட்டினேன். மாதக் கணக்கு இல்லாமல் போர்டு அன்றாடம் பணம் கொடுத்த சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று அகப்பட்டது: மழையில் ஏரிக்கரை உடைந்தால், உடைப்பை அடைக்க வருகிறவர்களுக்கு அந்தியில் கையிலேயே கூலி. அவசர வேலைக்கு அது பொருந்தும் என்றிருந்தது. எது அவசரம் என்று எங்கும் விளக்கவில்லை. 'மாதந்தோறும் உபகாரச் சம்பளம்' என்பதை நீக்கி 'அன்றாடக் கூலி' என்று சேர்க்கும்படி ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். முன்னுதாரணத்தை மட்டும் படி, வேறெதுவும் பேசாதே என்று உன்னிடம் மூன்று முறை சொன்னேன்.

நீ முன்னுதாரணத்தைப் படித்தாய். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கத்துக்க வரவனுக்குக் கூலியா? அவன் இன்னா வேல செஞ்சிட்டான்?" என்றார். நான் பெஞ்சிலிருந்து உன்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"ஏரி உடைஞ்சா மண்ணு சுமக்கறவன் இன்னா புதுசா கட்டிட்டானுங்க? தண்ணி வீணாப் போவாம நிறுத்தினான், அதுக்குக் குடுத்தோம். ஸ்டேஷன் வாசல்ல போய்ப் பாருங்க. காலைலேர்ந்து அந்திவரைக்கும் ஆம்பளைங்க குந்திக்கினே வீணாப் போறாங்க. அது உடைப்பு இல்லீங்களா? நாம எல்லாம் வண்டில அத்தத் தாண்டித்தாங்க இங்க வந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. திருத்தம் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. நான் பேச வேண்டாம் என்று தடுத்த பேச்சால்தான் அந்த ஒரு வோட்டு வந்தது என்பது என் கருத்து.

ஆனால் தீர்மானத்தை நம்பி வரப்பை விட்டு இறங்க வேண்டியவன் சவரி. போர்டு மறுபடி மனம் மாறினால் அவனுக்கு நிலமும் இல்லை, தொழிலும் இல்லை. ஒரு நாள் முழுவதும் அவன் தயங்கினான் என்றும், மரியாள்தான், "போய்யா. அந்த ஏரு எங்க போவப் போவுது, எவனாவது புடிப்பான். நீ போய்க் கத்துக்கினு வா" என்று தள்ளினாள் என்றும் அறிந்தேன்.

முதல் நாள் அந்தியில், கொடுக்கிறார்களா இல்லையா என்று பார்க்க அவளே கொட்டகை வாசலில் கூடையோடு வந்து நின்றாள். நாம் இருவரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். சவரி கைநாட்டு வைத்துக் கூலியை வாங்கி அவள் கையில் கொடுத்தான். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரியைக் கேட்டாள்: "இத யாரு குடுத்தாங்கன்னு நெனச்சிக்கறதுங்க?" நீ பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாய், வாயைத் திறக்காதே என்று. மேஸ்திரி நிமிராமலேயே, "யாரும் இல்லம்மா. கைநாட்டு வெச்சாச்சில்ல, கெளம்பு. கடைய மூடிடுவான்" என்றார். அவள் கடைக்குப் போனாள். அன்று உன் முகத்தில் இருந்ததை என்னால் வருணிக்க முடியாது. வழக்கில் வென்ற கட்சிக்காரர்களின் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவும் அப்படி இருந்ததில்லை.

வகுப்பு முடிந்தது. நிபந்தனைப்படி நீ சவரியை அழைக்கவில்லை. அவன் உன் மில் வாசலில் வந்து நிற்கவும் இல்லை. ஒரு நாள் நான் உன் மண்டியில் உட்கார்ந்திருந்தபோது உன் அண்ணன் மேல்துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டேய் தம்பி, கேட்டியாடா சேதிய? சவரிப் பய பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கினு பாண்டிச்சேரிப் பக்கம் போயிட்டானாம். எவனோ ஆலையில வேல குடுத்தானாம். அவங்கப்பன் காலத்துலேர்ந்து நம்ம கேப்பையத் தின்ன குடும்பம்டா. போறேன் ஆண்டேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கினு போனானாடா?"

நீ சிரிக்கத் தொடங்கினாய். மூட்டைகளின்மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "சொல்லிக்காமயே போயிட்டானாணா? நெஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அண்ணன் உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தி ரெயிலுக்கு என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தாய். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாய். ரெயில் வந்து நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாய்: "எங்கிட்ட மட்டுமாவது சொல்லிக்கினு போயிருக்கலாம், இல்ல?"

வண்டி நகர்ந்தது. நீ கூடவே நாலடி நடந்து, "இல்லய்யா. சொல்லியிருக்கக் கூடாது. அவன் பண்ணதுதான் செரி" என்றாய். அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அந்தக் கொட்டகையில் யுத்தம் வரும்வரை வகுப்பு நடந்தது. பிறகு கொட்டகையை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். யுத்தத்தின் நடுவில், நாலு நாள் ஜுரத்தில் நீ போனாய். நான் விழுப்புரத்தில் இறங்கி உன் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இப்போது யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். லாரி ஓட்டியவர்களும் துப்பாக்கி துடைத்தவர்களும் திண்டிவனம் கடைத்தெருவில் சும்மா நிற்கிறார்கள். இங்கே ஒரு தொழில் வகுப்பு வைப்பதைப் பற்றி யோசிக்க ஒரு கமிட்டி போட்டு, சட்ட ஆலோசனைக்கு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சென்ற கூட்டத்தில் நல்ல மனிதரான ஒரு செல்வர், செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். சர்க்காருக்கு ஒரு சல்லி நஷ்டமில்லை என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒருவன் மட்டும் ஆட்சேபித்தேன். அவருடைய உதாரகுணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெரிய மனம் உடையவர்தாம். கட்டடம் வேண்டுமானால் கொடுக்கட்டும், ஆனால் கற்பவனின் அன்றாடக் கூலி வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும் என்றேன். கற்று முடித்தவன் ஊரை விட்டுப் புறப்படும்போது எவரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கக் கூடாது என்றேன். அதற்கு முன்னுதாரணம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். எங்கே, யார் என்று கேட்டார்கள்.

நான் சொல்லவில்லை. சவரிக்குப் பின் அந்தக் கொட்டகைக்கு வந்து போனவர்கள் எங்கெங்கோ எஞ்சின் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தங்களுக்கு அந்த வகுப்பைக் கேட்டு வாங்கியவன் எவன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதற்குத்தான் நீ அவ்வளவு பாடுபட்டாய். அந்தக் காரியத்தோடு சேர்த்து உன் பெயரை நினைவில் வைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இந்த மடலிலும் அதை எழுதவில்லை.